தீர்மானம் கை மாறும் நொடி

எஃப்.எஃப்.ஏ. என்பது வேளாண் கல்வி பயிலும் மாணவர்களின் அமைப்பு. அமெரிக்கப் பள்ளிகளில் உள்ள அதன் கிளைகளில் அவை நடைமுறையை, அதாவது கூட்டத்தை விதிப்படி நடத்தும் முறையை, கற்றுக்கொடுப்பவர்களுக்கு ஒரு பழைய தலைவலி உண்டு. அவை நடைமுறைப் போட்டியன்று ஆறு மாணவர்கள் நடுவர்கள் முன்னால் பத்து நிமிடம் பிசிறில்லாமல் கூட்டம் நடத்துவார்கள். திருத்தம், திருத்தத்துக்குத் திருத்தம், குழுவுக்கு அனுப்புதல், தலைவரின் தீர்ப்பை எதிர்த்து முறையீடு, எல்லாம் வரிசை தப்பாமல் வரும். அடுத்த வாரம் அதே ஆறு பேர் கிளையின் மாதக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பார்கள். பழ விற்பனையில் சேர்ந்த பணத்தை என்ன செய்வது என்று பேச்சு வரும். நாலு பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள். கடைசியில் தலைவி, "எல்லாருக்கும் ஓகேதானே? சரி, அடுத்தது" என்று சுத்தியலைத் தட்டிவிட்டு நகர்ந்துவிடுவாள். என்ன முடிவாயிற்று என்று செயலர் பக்கத்தில் இருப்பவனைக் கேட்டு எழுதிக்கொள்வான்.

இதற்குப் பயிற்சி போதவில்லை என்பது வழக்கமான விளக்கம். எனக்கு அது ஒப்பவில்லை. போட்டி அணிக்குக் கிடைக்கும் பயிற்சி சாதாரணமானதல்ல. மாதக்கணக்கில், வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் பள்ளி முடிந்தபின் உட்கார்ந்து பழகுகிறார்கள். பழகுவது எதை, எந்த வரிசையில் என்பதில்தான் கோளாறு. நாம் ஏணியிலிருந்து தொடங்குகிறோம். தொடங்க வேண்டிய இடம் அதற்கு வெகு கீழே, யாரும் கவனிக்காமல் தாண்டிப்போகும் ஒரே ஒரு வாக்கியத்தில் இருக்கிறது.

ஏணி என்று சொல்வது பதின்மூன்று தீர்மானங்களின், அதாவது அவை முன் வைக்கப்படும் முன்மொழிவுகளின், முன்னுரிமை வரிசையை. அடியில் முதன்மைத் தீர்மானம், அதாவது அவை முடிவு செய்ய வேண்டிய விஷயம். அதன் மேல் காலவரையின்றி ஒத்திவைத்தல், திருத்தம், குழுவுக்கு அனுப்புதல், குறிப்பிட்ட நேரத்துக்கு ஒத்திவைத்தல், பேச்சு நேரத்தைக் குறைத்தல் அல்லது நீட்டித்தல், விவாதத்தை முடித்து வாக்கெடுத்தல், தற்காலிகமாக ஒதுக்கிவைத்தல். அதற்கும் மேலே நிகழ்ச்சி நிரலைப் பின்பற்றக் கோருதல், அவையின் வசதி பற்றிய முறையீடு, இடைவேளை, கூட்டத்தை முடித்தல், அடுத்து கூடும் நேரத்தைக் குறித்தல். எது நிலுவையில் இருக்கிறதோ அதற்கு மேற்படியில் உள்ளதைக் கொண்டுவரலாம், கீழ்ப்படியில் உள்ளதைக் கொண்டுவர முடியாது. அழகான அமைப்புதான். அட்டவணையாகச் சுவரில் ஒட்டினால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை இரண்டே வாரத்தில் ஒப்பித்துவிடும். ஆனால், அந்தப் பிள்ளையிடம் "ஏன் திருத்தத்தை முதலில் வாக்குக்கு விடுகிறோம்?" என்று கேட்டுப் பாருங்கள். "அட்டவணையில் அதுதான் மேலே இருக்கிறது" என்று பதில் வரும்.

உடம்பில் ஏறுவதும் மண்டையில் நிற்பதும்

எஃப்.எஃப்.ஏ.வில் நன்றாகக் கற்றுக்கொடுக்கப்படும் பகுதி ஒன்று இருக்கிறது: சடங்கு. 1928இல் கன்சாஸ் சிட்டியில் தொடங்கப்பட்ட அமைப்பு அது. அதன் கூட்டங்களின் தொடக்கச் சடங்கில் ஒவ்வொரு நிர்வாகிக்கும் ஒரு சின்னத்தின் பக்கத்தில் ஓர் இடம் உண்டு. தலைவருக்கு உதய சூரியன், துணைத் தலைவருக்குக் கலப்பை, செயலருக்கு மக்காச்சோளக் கதிர், பொருளாளருக்கு வாஷிங்டனின் உருவம், செய்தியாளருக்குக் கொடி, ஆலோசக ஆசிரியருக்கு ஆந்தை, வாயிற்காவலருக்குக் கதவு. சுத்தியலுக்கும் மொழி உண்டு. இரண்டு தட்டு தட்டினால் கூட்டம் ஒழுங்குக்கு வருகிறது. மூன்று தட்டினால் மூன்றாவது தட்டில் எல்லாரும் ஒன்றாக எழ வேண்டும். ஒரு தட்டு என்றால் உட்காரலாம். வாக்கெடுப்பின் முடிவை அறிவிக்கும்போதும் கூட்டம் முடியும்போதும் அதே ஒற்றைத் தட்டுத்தான். சடசடவென்று தொடர்ந்து தட்டினால் அமைதி வேண்டும் என்று பொருள். இதையெல்லாம் எந்த மாணவரும் மறப்பதில்லை. கையும் காதும் சேர்ந்து கற்ற பாடம் அது.

தீர்மான நடைமுறையை மட்டும் நாம் அப்படிக் கற்றுக்கொடுப்பதில்லை. அது காகிதத்தில் வருகிறது: எதற்கு வழிமொழிதல் வேண்டும், எதை விவாதிக்கலாம், எதற்கு மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்று கட்டம் கட்டமாக. ஹென்றி மார்ட்டின் ராபர்ட் என்ற ராணுவப் பொறியாளர் 1876இல் இந்த நடைமுறைக்கு அடிப்படையான தன் விதிநூலின் முதல் பதிப்பை வெளியிட்டபோது அது சட்டைப்பையில் அடங்கும் கையேடு. அதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் நியூ பெட்ஃபோர்டில் ஒரு கூட்டத்துக்குத் தலைமை ஏற்று, எப்படி நடத்துவதென்று தெரியாமல் திணறியதில் பிறந்த தேடல் அது. 2020இல் வந்த பன்னிரண்டாம் பதிப்பு எழுநூறு பக்கங்களைத் தாண்டுகிறது. பதினான்கு வயதுப் பிள்ளையிடம் அதைக் கொடுத்தால், அது சாரத்தைத் தேடாது, அட்டவணையைத்தான் தேடும்.

போட்டியின் அமைப்பும் அதற்கு உரம் போடுகிறது. மாநிலத்துக்கு மாநிலம் விதிகள் கொஞ்சம் மாறினாலும் சட்டகம் ஒன்றுதான்: எழுத்துத் தேர்வு, அட்டையில் தரப்படும் முதன்மைத் தீர்மானம், செய்துகாட்ட வேண்டிய குறிப்பிட்ட சில தீர்மானங்கள், முடிந்தபின் நடுவர்களின் வாய்மொழிக் கேள்விகள். ஆக, அணியின் மனதில் ஓடும் கேள்வி "இந்த விஷயத்தை எப்படி முடிவு செய்வது" என்பதல்ல. "அட்டையில் இருப்பதில் இன்னும் எது பாக்கி" என்பதுதான். ஒருத்தி விவாதம் சூடுபிடிக்கும் நேரத்தில் இடைவேளை கேட்பாள். இடைவேளை யாருக்கும் தேவையில்லை, அட்டைக்குத்தான் தேவை. போட்டி வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மேடைக்கூச்சம் போகிறது, வாதத்தை அரை நிமிடத்தில் அடுக்கிச் சொல்லப் பழகுகிறார்கள். ஆனால், அது கடைசிப் பாடமாக இருக்க வேண்டியது, முதல் பாடமாக்கிவிட்டோம்.

அந்த ஒரு வாக்கியம்

ஒரு தீர்மானம் அவைக்குள் வர மூன்று படி. ஓர் உறுப்பினர் முன்மொழிகிறார். இன்னொருவர் வழிமொழிகிறார். தலைவர் அதை முழுதாகத் திரும்பச் சொல்கிறார்: "பசுங்குடிலுக்கு வெளியேற்று விசிறி ஒன்று வாங்கக் கிளை நிதியிலிருந்து 400 டாலர் செலவிட வேண்டும் என்று முன்மொழியப்பட்டு வழிமொழியப்பட்டுள்ளது. விவாதம் உண்டா?" அதன்பின் இன்னும் மூன்று படி: விவாதம், வாக்குக்கு விடுதல், முடிவை அறிவித்தல்.

ஆறில் மூன்றாவதைத்தான் எல்லாரும் விழுங்குகிறார்கள். காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். முன்மொழிந்தவர் சொன்னதை இப்போதுதானே எல்லாரும் கேட்டோம், அதையே கிளிப்பிள்ளை மாதிரி எதற்குத் திரும்பச் சொல்வது என்று தலைவருக்குத் தோன்றும். உடனே "விவாதம் உண்டா?" என்று தாவிவிடுவார். பார்ப்பதற்கு ஒரு கெடுதலும் தெரியாது. ஆனால், அங்கே நடந்திருக்க வேண்டியது வெறும் ஒப்பித்தல் அல்ல. தலைவர் அந்த வாக்கியத்தைச் சொல்லி முடிக்கும் நொடியில் தீர்மானம் கை மாறுகிறது. அதுவரை அது முன்மொழிந்தவரின் சொத்து. அவர் நினைத்தால் மாற்றலாம், திரும்பப் பெறலாம், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. (மாற்றினால், வழிமொழிந்தவர் தன் வழிமொழிதலை விலக்கிக்கொள்ளலாம். அவ்வளவுதான்.) அந்த நொடிக்குப் பிறகு அது அவையின் சொத்து. முன்மொழிந்தவரும் கூட்டத்தில் ஓர் உறுப்பினர், அதற்கு மேல் ஒன்றுமில்லை. திரும்பப் பெற அவையின் சம்மதம் வேண்டும். ஒரு சொல்லை மாற்றவும் அவையின் சம்மதம் வேண்டும்.

இந்த ஒன்று பிடிபட்டால் மனப்பாடம் செய்த விதிகளில் பாதி தானாக அர்த்தப்படும். "நட்புத் திருத்தம்" என்று ஒன்றை மாணவர்கள் எங்கிருந்தோ கற்றுக்கொண்டு வருவார்கள்: "400க்குப் பதிலா 550ன்னு வச்சுக்கலாமா? முன்மொழிஞ்சவங்களுக்குச் சம்மதமா?" அவரும் தலையாட்டுவார், தலைவரும் தொகையை மாற்றிவிடுவார். ஆனால், முன்மொழிந்தவரின் சம்மதத்துக்கு இப்போது தனி மதிப்பு கிடையாது. பொருள் அவர் கையில் இல்லை. தலைவர் அவையைக் கேட்க வேண்டும்: "தொகையை 550 ஆக மாற்றுவதில் யாருக்காவது ஆட்சேபம் உண்டா?" ஒருவர் ஆட்சேபித்தாலும் அது வழிமொழிதல், விவாதம், வாக்கு எல்லாம் உள்ள முறையான திருத்தமாகத்தான் வர வேண்டும். அதேபோல, முன்மொழிந்தவர் தன் தீர்மானத்தை எதிர்த்துப் பேசக் கூடாது, ஆனால் எதிர்த்து வாக்களிக்கலாம் என்ற விதி மாணவர்களுக்கு விநோதமாகப் படும். பொருள் கை மாறியது தெரிந்தால் விநோதம் இல்லை. கொண்டுவந்தவர் என்ற முறையில் ஒரு நாணயம் இருக்கிறது, அதனால் எதிர்த்துப் பேச்சு கூடாது. விவாதத்தைக் கேட்டு மனம் மாறும் உரிமை மற்ற உறுப்பினர்களைப் போல அவருக்கும் உண்டு, அதனால் வாக்குக்குத் தடையில்லை.

வழிமொழிதலும் அப்படியே. வழிமொழிகிறேன் என்றால் ஆதரிக்கிறேன் என்று பொருளல்ல. "இது அவை நேரம் செலவழிக்கத் தகுந்தது" என்று இரண்டாவது ஆள் ஒருவர் கருதுகிறார் என்பது மட்டுமே. எதிர்த்துத் தோற்கடிக்க வேண்டும் என்பதற்காகவே வழிமொழியலாம். குழுவொன்றின் அறிக்கையில் வரும் பரிந்துரையை அந்தக் குழுவின் சார்பில் முன்மொழிந்தால் வழிமொழிதலே தேவையில்லை. ஒருவருக்கு மேற்பட்டோர் ஏற்கெனவே அதைச் சரியென்று முடிவு செய்துதான் வந்திருக்கிறார்கள். வழிமொழியாமலே விவாதம் ஓடத் தொடங்கிவிட்டால், பாதியில் எழுந்து "வழிமொழியவே இல்லையே" என்று ஒழுங்குப் பிரச்சினை (விதிமீறலைச் சுட்டும் ஆட்சேபம்) எழுப்புவதும் செல்லாது. அவை எடுத்துக்கொண்டுவிட்டது, விஷயம் முடிந்தது. போட்டி அணியில் புத்திசாலிப் பிள்ளை ஒன்று இதை வைத்து நடுவர்களை அசத்தப் பார்க்கும், கவனமாக இருங்கள்.

காகிதத்தைக் கையில் கொடுங்கள்

முதல் வகுப்புக்கு அட்டவணை வேண்டாம். அரைத்தாள் ஒன்றும் தடிமனான பேனாவும் போதும். முன்மொழிபவர் தன் தீர்மானத்தை முழு வாக்கியமாக எழுதிக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்க வேண்டும். "விசிறி வாங்கலாம்னு நினைக்கிறேன்" என்று எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நினைப்பதை வாக்குக்கு விட முடியாது. என்ன பொருள், எவ்வளவு பணம், எந்தக் கணக்கிலிருந்து, யார் செய்வது, எப்போதைக்குள் என்பதில் தேவையானது தாளில் இருக்க வேண்டும். வழிமொழிபவர் உட்கார்ந்தபடியே சொன்னால் போதும். பிறகு தலைவர் கை நீட்டித் தாளை வாங்கி, உரக்க வாசித்து, தன் மேசையில் வைக்க வேண்டும். அந்த நொடியிலிருந்து முன்மொழிந்தவரின் கை காலி.

இப்போது "நான் அதை வாபஸ் வாங்கிக்கிறேன்" என்று அவரைச் சொல்லச் சொல்லுங்கள். தாள் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். வகுப்பு சிரிக்கும், புரிந்துகொள்ளும். பேசுகிறவர்கள் ஏன் ஒருவருக்கொருவர் பேசாமல் தலைவரைப் பார்த்தே பேச வேண்டும் என்ற கேள்விக்கும் அதே மேசையில் பதில் இருக்கிறது.

நாற்பத்தைந்து நிமிட வகுப்பில் இந்த ஆறு படியை மட்டும் எட்டு முதல் பத்து முறை ஓட்டலாம். ஒவ்வொரு சுற்றுக்கும் தலைவர் மாற வேண்டும். திருத்தம், ஒத்திவைப்பு எதுவும் இன்னும் அறிமுகமாகவில்லை. யாராவது ஆர்வத்தில் கொண்டுவந்தாலும் அடுத்த வாரம் என்று தள்ளிவிடுங்கள். பயிற்சிக்கு எடுக்கும் தீர்மானத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. ஐஸ்கிரீம் வாங்குவது, ஆசிரியரின் தலைமுடிக்குச் சாயம் பூசுவது மாதிரி வேடிக்கைத் தீர்மானங்கள் எடுத்தால் சிரிப்புச் சத்தத்தில் தப்புகள் மறைந்துவிடும். நிஜமான சண்டைக்குரிய விஷயத்தை எடுத்தால் நடைமுறையை மறந்து சண்டையில் இறங்கிவிடுவார்கள். சின்னத் தொகை, நிஜமான தேவை, இரண்டு பக்கமும் பேச இடமிருக்கும் விஷயம், இதுதான் தோது. அந்த விசிறி போல.

முடிவை அறிவிக்கும் ஆறாம் படியிலும் கொஞ்சம் நிற்க வேண்டும். "நிறைவேறியது" என்று ஒரு தட்டோடு ஓடிவிடுவது வழக்கம். முழு அறிவிப்பில் நாலு துண்டு இருக்கிறது: எந்தப் பக்கம் வென்றது, தீர்மானம் நிறைவேறியதா தோற்றதா, அதனால் இனி என்ன நடக்கும், அடுத்த அலுவல் என்ன. "ஆம் என்றவர்களே அதிகம். தீர்மானம் நிறைவேறியது. பொருளாளர் 400 டாலருக்குள் விசிறி வாங்குவார். அடுத்த அலுவல், நாற்று விற்பனைக் குழுவின் அறிக்கை." மூன்றாவது துண்டு இல்லாத கூட்டங்களில்தான் இரண்டு மாதம் கழித்து "அதை யார் வாங்குறதா இருந்துது?" என்ற கேள்வி வரும்.

திருத்தம் எங்கே குழம்புகிறது

இரண்டாம் வாரம் திருத்தம். அதே தாள், அதே மேசை. ஒருவர் எழுந்து, "'மூன்று விலைப்புள்ளிகள் பெற்ற பிறகு' என்ற சொற்களைச் சேர்த்துத் திருத்த முன்மொழிகிறேன்" என்கிறார். வழிமொழிந்தாயிற்று. தலைவர் இதையும் வாசித்து ஏற்கிறார். இது தனித்தாள், முதல் தாளின் மேல் வைக்கப்படுகிறது. இப்போது அவை பேச வேண்டியது விசிறி வேண்டுமா என்பதை அல்ல, விலைப்புள்ளி வேண்டுமா என்பதை மட்டும்தான். இன்னொருவர் "மூன்று" என்பதை "இரண்டு" ஆக்கத் திருத்துகிறார். மூன்றாவது தாள் மேலே ஏறுகிறது. இதற்கு மேல் தாள் ஏறக் கூடாது. திருத்தத்துக்குத் திருத்தம் வரைதான் அனுமதி.

வாக்கெடுப்பு மேலிருந்து கீழே இறங்கும். முதலில் மூன்றா இரண்டா. பிறகு விலைப்புள்ளிச் சொற்களைச் சேர்ப்பதா வேண்டாமா. கடைசியில் விசிறி. ஏணியின் தத்துவம் முழுவதும் இந்த மூன்று தாள்களில் அடங்கிவிட்டது. மேலிருப்பதை எடுக்காமல் கீழிருப்பதைத் தொட முடியாது என்பதைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்குச் சுவர் அட்டவணை பிற்பாடு ஒரு நினைவூட்டலாக மட்டும் இருக்கும்.

இங்கே நிச்சயமாக நடக்கும் தப்பு ஒன்று: திருத்தம் நிறைவேறியதும் தலைவர் ஒரு தட்டு தட்டி அடுத்த அலுவலுக்குப் போய்விடுவார். கைதட்டலும் விழும். விசிறிக்கு யாரும் வாக்களிக்கவே இல்லை. இதற்குக் காரணம் அசட்டை அல்ல. நீண்ட விவாதத்துக்குப் பின் ஒரு வாக்கெடுப்பு வென்றால் மனசு "முடிந்தது" என்று சொல்லிவிடுகிறது. மருந்து, தலைவர் வாயில் ஊறிப்போக வேண்டிய ஒரு வாக்கியம்: "திருத்தம் ஏற்கப்பட்டது. இப்போது நம் முன் இருப்பது திருத்தப்பட்ட தீர்மானம்," என்று சொல்லி, புதிய சொற்களோடு முழுவதையும் மறுபடி வாசிக்க வேண்டும். தாள் மேசையில் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் இந்தத் தப்பு வராது.

இன்னொன்று. விலைப்புள்ளித் திருத்தம் நிலுவையில் இருக்கும்போதே ஒருவர் "400ஐ 550 ஆக்கணும்" என்று திருத்தம் கொண்டுவருவார். தலைவர் அதைத் திருத்தத்துக்குத் திருத்தமாக ஏற்றுக்கொண்டால் எல்லாம் சிக்கல். அது விலைப்புள்ளிச் சொற்களோடு தொடர்பில்லாதது. முதன்மைத் தீர்மானத்துக்கான இன்னொரு திருத்தம். "உறுப்பினரின் திருத்தம் இப்போது எடுக்க இயலாது, நிலுவையில் உள்ளது முடிந்ததும் கொண்டுவரலாம்" என்று சொன்னால் போதும். 'கூடாது' என்பதற்கும் 'இப்போது கூடாது' என்பதற்கும் உள்ள வித்தியாசத்தைத் தலைவர் கற்றுக்கொள்ளும் இடம் இது.

"வாக்கு! வாக்கு!" என்ற கூச்சல்

மாணவர் கூட்டங்களில் அதிகம் கொல்லப்படுவது சிறுபான்மையின் பேச்சு. பின்வரிசையிலிருந்து ஒருவன் "வாக்கெடுங்க!" என்று கத்துவான், தலைவரும் எடுத்துவிடுவார். விதி அப்படி இல்லை. விவாதத்தை முடிக்க வேண்டுமென்றால் அவன் எழுந்து, தலைவரின் அனுமதி பெற்று, முறையாக முன்மொழிய வேண்டும், வழிமொழிய வேண்டும், அதன்மேல் விவாதம் கிடையாது, நிறைவேற மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். பெரும்பான்மை போதாது என்பதற்குக் காரணம், இது மற்றவரின் பேசும் உரிமையைப் பறிக்கும் தீர்மானம். அது நிறைவேறினாலும் விவாதம் மட்டும்தான் முடிகிறது. விசிறி வேண்டுமா என்ற வாக்கெடுப்பு அதற்கப்புறம் தனியாக நடக்க வேண்டும்.

மூன்றில் இரண்டைக் குரலை வைத்து ஊகிக்கக் கூடாது, எழுந்து நிற்கச் சொல்ல வேண்டும். கணக்கில் பயப்படும் பிள்ளைகளுக்கு எளிய வழி: எதிர்ப்பை இரட்டிப்பாக்கு. ஆதரவு அதற்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தால் நிறைவேறியது. 31 பேரில் ஆதரவு 20, எதிர்ப்பு 11 என்றால், 11இன் இரட்டிப்பு 22; 20 போதாது, தோற்றது. 21க்கு 10 என்றால் நிறைவேறியது. வாக்களிக்காமல் இருப்பவர்கள் இந்தக் கணக்கில் சேர மாட்டார்கள், அதனால் "நடுநிலை எத்தனை பேர்?" என்று தலைவர் கேட்கத் தேவையே இல்லை. சாதாரணத் தீர்மானத்தில் சரிசமம் வந்தால் தோல்விதான். பெரும்பான்மை கிடைக்கவில்லை என்று பொருள். தலைவரும் உறுப்பினராக இருந்தால் அவர் வாக்கு முடிவை மாற்றும்போது அதைப் போடலாம், போட்டே ஆக வேண்டும் என்பதில்லை.

ஒதுக்கிவைத்தல் பற்றி நம்மவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நம் சட்டமன்றச் செய்திகளில் ஓர் அறிக்கை "மேசையில் வைக்கப்பட்டது" என்றால் அவையின் பார்வைக்கு வந்தது என்று அர்த்தம். அமெரிக்க வழக்கில் ஒரு தீர்மானத்தை மேசை மேல் வைப்பது என்றால் பார்வையிலிருந்து தற்காலிகமாக அகற்றுவது, நேர் எதிர். அதுவும் அவசரமான வேறொரு அலுவல் குறுக்கே வந்தால் மட்டும் செய்ய வேண்டியது. சிறப்பு விருந்தினர் சீக்கிரம் கிளம்ப வேண்டும், அவர் பேச்சை இப்போதே கேட்டுவிடலாம் என்பது போன்ற தருணம். மாணவர்கள் பிடிக்காத தீர்மானத்தைப் பேச்சில்லாமல் புதைக்க இதைப் பயன்படுத்துகிறார்கள். விவாதமும் இல்லை, வெறும் பெரும்பான்மை போதும் என்பதால் கை அங்கேதான் போகும். அடுத்த மாதம் பேசலாம் என்பதுதான் எண்ணம் என்றால், குறிப்பிட்ட கூட்டத்துக்கு ஒத்திவைத்தல்தான் சரி. கொல்ல வேண்டுமானால் காலவரையின்றி ஒத்திவைக்கலாம், அல்லது நேர்மையாக எதிர்த்து வாக்களிக்கலாம்.

ஆந்தைக்குப் பக்கத்தில் இருப்பவர்

ஆசிரியருக்கு வருகிறேன். தலைவர் தப்பு செய்யும் நொடியில் ஆந்தைக்குப் பக்கத்திலிருந்து வாய் திறக்கும் ஆசிரியர் ஒரு தப்பைத் திருத்தி, ஒரு பாடத்தைக் கெடுக்கிறார். அவையில் தப்பைச் சுட்டும் கருவி ஏற்கெனவே இருக்கிறது: ஒழுங்குப் பிரச்சினை. வழிமொழிதல் வேண்டாம், பேசுபவரை இடைமறிக்கலாம், எந்த உறுப்பினரும் எழுப்பலாம், தலைவர் தீர்ப்புச் சொல்ல வேண்டும். தப்பு நடந்த உடனே எழுப்ப வேண்டும். மூன்று அலுவல் தாண்டி எழுப்பினால், அமைப்பு விதியை மீறியது போன்ற தொடரும் குற்றமாக இல்லாதவரை, எடுபடாது. தலைவரின் தீர்ப்பு தப்பென்றால் ஓர் உறுப்பினர் முறையிட, இன்னொருவர் வழிமொழிய, அவையே முடிவு செய்யும். அங்கே சரிசமம் வந்தால் தலைவரின் தீர்ப்பு நிற்கும், ஏனென்றால் அதைக் கவிழ்க்கத்தான் பெரும்பான்மை வேண்டும். ஆசிரியர் பேசிவிட்டால் இவற்றில் எதுவும் நிகழாது. எல்லா மாணவர்களும் விதிநூலைப் பார்ப்பதை விட்டு ஆசிரியர் முகத்தைப் பார்ப்பார்கள். தப்புகளைக் குறித்துவைத்து, கூட்டம் முடிந்தபின் பேசுவது நல்லது. பணத்திலோ பாதுகாப்பிலோ திரும்பப் பெற முடியாத முடிவு ஒன்று வரப்போகிறது என்றால் மட்டும் விதிவிலக்கு.

மாதக் கூட்டம் கலைந்துபோவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நிர்வாகிகள் ஏழு பேரும் தனியாகக் கூடும்போது, பன்னிரண்டு பேர் அளவுக்கு உட்பட்ட சிறு குழுக்களுக்கான தளர்வான விதிகள் பொருந்தும். வழிமொழிதல் வேண்டாம், தலைவரும் விவாதிக்கலாம், வாக்களிக்கலாம், எழுந்து நிற்கக்கூடத் தேவையில்லை. தப்பே இல்லை. ஆனால், வாரா வாரம் அப்படிப் பழகிய ஏழு பேர், நாற்பது பேர் உள்ள கூட்டத்துக்கும் அதே தோரணையில் வந்துவிடுகிறார்கள். தலைவர் மேசையிலிருந்தே "என்னைக் கேட்டா வாங்கலாம்" என்று விவாதிக்கிறார். இரண்டு கூட்டத்துக்கும் விதி வேறு என்பதை யாரும் அவர்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்லிப் பாருங்கள், பாதி சரியாகிவிடும்.

ஏணி நான்காம் வாரம் வரட்டும். பதின்மூன்று அட்டைகளைத் தரையில் படிகளாக அடுக்கி, ஒவ்வொரு தீர்மானமும் வரும்போது ஒரு மாணவர் அந்த அட்டையில் போய் நிற்கட்டும். ஏறும்போது நிற்கிறார்கள், வாக்கெடுக்கும்போது மேலிருந்து ஒவ்வொருவராக இறங்குகிறார்கள். மறுபரிசீலனை மட்டும் இந்தப் படிகளில் நிற்காது. அதைத் தனியாக எடுங்கள்: வென்ற பக்கம் வாக்களித்தவர் மட்டுமே கொண்டுவரலாம், சாதாரண மாதக் கூட்டத்தில் அன்றைக்குள்ளேயே கொண்டுவர வேண்டும். அடுத்த மாதம் மனம் மாறினால் அது மறுபரிசீலனை அல்ல, ரத்து. முன்னறிவிப்பு கொடுத்திருந்தால் பெரும்பான்மை போதும். இல்லையென்றால் மூன்றில் இரண்டு பங்கு, அல்லது மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மை.

செயலருக்கான பாடம் கடைசியில் வருகிறது, மிகச் சின்னது. பேசியதை எழுதாதே, செய்ததை எழுது. யார் காரசாரமாகப் பேசினார், யார் கோபித்துக்கொண்டார் எதுவும் வேண்டாம். முதன்மைத் தீர்மானத்தின் இறுதிச் சொற்கள், முன்மொழிந்தவர் பெயர், முடிவு, எண்ணியிருந்தால் எண்ணிக்கை. வழிமொழிந்தவர் பெயரும் தேவையில்லை. மேலே சொன்ன விசிறி விவாதம் முக்கால் மணி நேரம் ஓடி, மூன்று வாக்கெடுப்பு கண்டு, முன்மொழிந்த பெண்ணே மனம் மாறி எதிர்த்து வாக்களித்து முடிந்ததென்று வைத்துக்கொள்வோம். குறிப்பேட்டில் அவள் பெயருக்குப் பின் இவ்வளவுதான் வரும்: "இரண்டு விலைப்புள்ளிகள் பெற்ற பிறகு, பசுங்குடிலுக்கு வெளியேற்று விசிறி ஒன்று வாங்கக் கிளை நிதியிலிருந்து 400 டாலர் செலவிட வேண்டும் என்று முன்மொழிந்தார். விவாதித்துத் திருத்திய பின் தீர்மானம் தோற்றது. ஆதரவு 15, எதிர்ப்பு 16."